கூலிக்குப் பதில் ஒயின்: திராட்சைத் தோட்டச் சுற்றுலாவில் நமக்குக் காட்டப்படாதது



போன மாதம் ஒரு காலை, செம்மேட்டில் நகல் எடுக்கும் கடை திறப்பதற்காகக் காத்திருந்தேன். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு இரண்டு மாணவிகள் என்னுடன் இருந்தார்கள். இருவரும் மலையாளிப் பெண்கள். (சமவெளியிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை, கொல்லிமலைப் பழங்குடி.) மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வந்த ஒரு நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் பதினொரு படங்கள் இறங்கின. அனுப்பியவள் கல்லூரி விடுதியில் எனக்கு இரண்டு ஆண்டு இளையவள். ராசிபுரம் பக்கம் ஒரு காலனியில் பிறந்து, இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். கணவரோடு தென்னாப்பிரிக்கா போயிருக்கிறாள். கேப் டவுனுக்குப் பக்கத்தில் ஸ்டெல்லன்போஷ் என்ற ஊரில் ஒயின் ருசிக்கும் சுற்றுலா.

வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பழைய டச்சு வீடு. பின்னால் நீல மலை. மலையடி வரை வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. மேசையில் ஐந்து கோப்பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவுக்கு ஒயின். கோப்பையைச் சுழற்றி, மோந்து, வாயில் வைத்து உருட்டி, பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டுமாம். அதையும் ஒரு படம் எடுத்திருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு. அந்தக் கொடிக்கு நடுவுல ஒரு ஆள்கூட இல்லையே, யாரு பறிக்கிறாங்க?" என்று எழுதினேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, நாம எங்க போனாலும் அழுதுகிட்டேதான் இருக்கணுமா? எங்கப்பா செங்கச் சூளைல கெடந்தாரு. நான் ஒரு நாள் உக்காந்து ஒரு கிளாஸ் குடிச்சா அதுக்கும் கணக்குக் கேப்பீங்களா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை. ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து, முதல் தலைமுறையாக விமானம் ஏறிய ஒரு பெண் எங்கே உட்கார்ந்து எதைக் குடிக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. தலித் என்றால் துன்பப்பட்ட முகத்தோடுதான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சாதிப் புத்திதான். நான் மதுவிலக்குப் பிரசாரம் செய்யவும் வரவில்லை. அந்தப் பிரசாரம் நம் தெருவுக்குள் மட்டும் எப்படி நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் சண்டை அந்தப் படத்தோடு. மனிதரே இல்லாத அந்தத் தோட்டத்தோடு. அதை அப்படிக் காட்டிக் காசு பார்க்கிறவர்களோடு.

தென்னாப்பிரிக்கா என்றதும் நமக்கு 1860 ஞாபகம் வரும். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன கதை. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் கரையிலிருந்து ஆட்கள் அந்த நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதை எம்.ஏ. வகுப்பில்கூட யாரும் எனக்குச் சொன்னதில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் வான் ரீபெக் 1652இல் கேப்பில் இறங்கினார். 1655இல் திராட்சை நட்டார். 1659 பிப்ரவரி 2 அன்று கேப் திராட்சையிலிருந்து முதல் ஒயின் பிழியப்பட்டதாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. இந்தத் தேதியை அங்கே இன்றும் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1658இல், அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. அந்தத் தேதியை ஒயின் பட்டியலில் யாரும் அச்சிடுவதில்லை.

1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஷெல் கணக்கிட்டார். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள். பெயரைப் பிடுங்கிவிட்டு, கொண்டுவந்த கரையின் பெயரை ஒட்டவைத்தார்கள்: இன்னார் வான் பெங்காலென், இன்னார் வான் மலபார், இன்னார் வான் கொரமண்டல். கொரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கோட்டைகள் இருந்தன. பஞ்சம் வந்தபோது இந்தக் கரையில் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். விற்கப்பட்டவர்களின் சாதியை அந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை. பஞ்ச காலத்தில் நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை முதலில் விலைக்குப் போயிருக்கும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சிப் பட்டம் வேண்டியதில்லை.

கேப் ஒயினின் புகழ்பெற்ற பெயர் க்ரூட் கான்ஸ்டான்ஷியா. 1685இல் ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்குக் கொடுக்கப்பட்ட நிலம். நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக இருந்தபோது குடித்த ஒயின் இந்தத் தோட்டத்தினுடையது என்று வழிகாட்டிகள் மறக்காமல் சொல்வார்கள். ஸ்டெல்லன்போஷ் என்ற பெயரும் இந்த வான் டெர் ஸ்டெல்லின் பெயர்தான். இன்னொரு செய்தி: இவருடைய தாய்வழிப் பாட்டி இந்தியக் கரையைச் சேர்ந்த, அடிமையாக இருந்து விடுபட்ட பெண் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அடிமைப் பெண்ணின் பேரன் அடிமைகளை வைத்துத் தோட்டம் போட்டான். நம்மில் மேலே ஏறியவர்கள் இந்த ஒரு வரியையாவது மனதில் வைத்துக்கொள்ளலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1834இல் அடிமை முறை ஒழிந்தது. "பயிற்சிக் காலம்" என்று சொல்லி மேலும் நான்கு ஆண்டுகள் அதே எஜமானிடம் கட்டிப்போட்டு, 1838இல் விட்டார்கள். விட்டதும் எங்கே போவார்கள்? நிலம் இல்லை. மறுபடியும் அதே தோட்டம். அவர்களை அங்கேயே பிடித்து வைக்கப் பண்ணைகள் பயன்படுத்திய ஒரு முறைக்கு 'டொப்' என்று பெயர். கூலியின் ஒரு பகுதிக்கு ஈடாக மலிவான ஒயின். காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு குவளை, பிறகு நாள் முழுக்க இடையிடையே, மாலையில் மீண்டும். விற்க முடியாத மட்டமான ஒயினுக்கும் வழி கிடைத்தது. நாளைக்கும் வேலைக்கு வந்தே தீர வேண்டிய உடம்பும் கிடைத்தது. 1960களில் சட்டப்படி தடை செய்தார்கள். ஆனாலும் 1990கள் வரை பல பண்ணைகளில் தொடர்ந்தது. கருவில் இருக்கும்போதே தாயின் குடியால் மூளையும் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் இந்த ஒயின் மாகாணமும் ஒன்று. தாத்தாவுக்குக் கொடுத்த குவளை பேத்தியின் பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது.

படிக்கும்போது தென்னாப்பிரிக்கா தூரமாகத் தெரிகிறதா? நம் ஊரிலும் டொப் உண்டு, பெயர்தான் வேறு. பிணம் எடுக்கும் வீட்டில் பறையடிக்க வருபவருக்குக் கூலியைப் பேசாமல் சாராயத்தை முதலில் கொடுக்கும் பழக்கத்தை நீங்கள் பார்த்ததில்லையா? மலக்குழிக்குள் இறங்கும் முன் மேஸ்திரி வாங்கிக் கொடுக்கும் குவார்ட்டர் எதற்கு? அந்த நாற்றத்தில் நிதானமாக இருக்கும் ஒரு மனிதனால் இறங்க முடியாது என்பது வாங்கிக் கொடுப்பவருக்குத் தெரியும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. இறங்குவதும் நிற்கவில்லை, குவார்ட்டரும் நிற்கவில்லை. குழியில் செத்தால் "குடிச்சிட்டு எறங்கினான்" என்று சொல்லிவிடலாம், இழப்பீட்டைக் குறைக்க அதுவும் உதவும். வேலையில் பிடித்துவைக்கவும் அதே மது, பிறகு குடிகாரன் என்று பெயர் வைக்கவும் அதே மது. டொப்பைக் கண்டுபிடித்தவர்களும் நம் மேஸ்திரிகளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல் இருக்கிறார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று என் தோழி சொன்னாள். வழிகாட்டியும் அவளிடம் அப்படித்தான் சொன்னாராம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2011 ஆகஸ்டில் இந்த மாகாணத்தின் பழத்தோட்டங்கள், ஒயின் தோட்டங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பூச்சிமருந்துக்குப் பாதுகாப்பு உடை இல்லை. வேலையிடத்தில் கழிப்பறை இல்லை. குடிதண்ணீர் இல்லை. தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றம். சங்கம் வைத்தால் மிரட்டல். ஒரு தொழிலாளி முன்பு பன்றி கட்டிய கொட்டகையில் மனைவி மக்களோடு பத்து ஆண்டுகளாக வாழ்ந்ததை அந்த ஆய்வாளர்களுக்குக் காட்டியிருக்கிறார். அடுத்த ஆண்டு, 2012 நவம்பரில், டி டோர்ன்ஸ் என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது சாப்பிடும் திராட்சை விளையும் ஊர், ஆனால் போராட்டம் ஒயின் ஊர்களுக்கும் பரவியது. அப்போது குறைந்தபட்ச நாள் கூலி 69 ரேண்ட். கேட்டது 150. போராட்டக் காலத்தில் மூன்று உயிர்கள் போயின. 2013 மார்ச்சில் கிடைத்தது 105. 2016இல் டென்மார்க்கின் டாம் ஹைன்மன் 'பிட்டர் கிரேப்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தபோதும் தோட்டங்களில் இதே புகார்கள்தான். படம் வந்ததும் ஸ்காண்டிநேவியக் கடைகள் சில ஒயின்களை அலமாரியிலிருந்து இறக்கின.

வெள்ளைக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்கு பிரான்ஸ். 2023 செப்டம்பரில் ஷாம்பேன் பகுதியில் திராட்சை பறிக்க அழைத்து வரப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கர்கள், மனிதர் வாழத் தகுதியற்ற ஓர் இடத்தில் அடைக்கப்பட்டிருந்ததைத் தொழிலாளர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் மூன்று பேரை மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. உலகமே வெற்றி விழாவில் பீய்ச்சி அடிக்கும் பானம் அது.

நம் நாட்டில் இந்தச் சுற்றுலாவின் தலைநகரம் நாசிக். பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். 1930 மார்ச் 2 அன்று அண்ணல் அம்பேத்கர் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கிய நாசிக். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபர் 13இல் அவர் அறிவித்த இயோலாவும் நாசிக் மாவட்டம்தான். இன்று இணையத்தில் நாசிக் என்று தேடினால் ஒயின் தோட்டத்தில் தங்கும் அறைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த மாவட்டத்தின் சுர்கானா, பேட் வட்டாரங்களிலிருந்து பழங்குடிகள் ஆண்டுதோறும் திராட்சை வேலைக்கு இறங்கி வருகிறார்கள். 2018 மார்ச்சில் வன உரிமைப் பட்டா கேட்டு நாசிக்கிலிருந்து மும்பைக்கு வெடித்த பாதத்தோடு நடந்தவர்களில் அந்த வட்டாரத்து ஆட்கள் ஏராளம். அந்தப் பாதங்களின் படத்தை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். அவை வேறு மாதங்களில் எந்த மண்ணில் நிற்கின்றன என்று யோசிக்கவில்லை.

இப்போது ஒழுக்கப் பிரசாரத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். அரசு பத்து லட்சம் அறிவித்ததும் முகநூல் முழுக்க ஒரே கேள்வி: குடித்துச் செத்தவனுக்கு எதற்கு என் வரிப்பணம்? அந்தக் கேள்வியைப் பகிர்ந்தவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் அதற்கு இரண்டு மாதம் முன்பு இத்தாலியில் ஒயின் கோப்பையோடு நிற்கும் படம் போட்டிருந்தார். அங்கே அது ரசனை, பண்பாடு, உணவோடு சேர்ந்த கலை. இங்கே ஒழுக்கக்கேடு. குடிப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, அந்தக் கை நேற்று என்ன வேலை செய்தது என்பதைப் பார்த்தே பெயர் வைக்கிறார்கள். ரசனை என்பது வர்க்கங்களைப் பிரித்துக்காட்டும் வேலையைச் செய்கிறது என்று பூர்தியு ஒரு தடிமனான புத்தகமே எழுதினார். எங்கள் பேராசிரியர் அதை நடத்திய நாளில் நான் பாதி தூங்கிவிட்டேன். கருணாபுரம்தான் எனக்கு அதைப் புரியவைத்தது.

எம்.என். சீனிவாஸ் சொன்ன சமஸ்கிருதமயமாக்கலையும் படித்திருப்பீர்கள். கீழே வைக்கப்பட்ட சாதிகள் கள்ளையும் கறியையும் விட்டு மேலே ஏறப் பார்த்தன என்றார். இப்போது ஏணி திரும்பிவிட்டது. மேலே ஏற வேண்டுமானால் சரியாகக் குடிக்கத் தெரிய வேண்டும். நம் தாத்தா கள்ளைக் கைவிட்டார், நம் பேத்தி ஒயின் வகுப்புக்குப் போவாள். இரண்டுமே யாரோ ஒருவரின் மேசையைப் பார்த்துச் செய்வதுதான்.

இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கு வந்தது எங்கே தெரியுமா? 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம். ராஜாஜி ஆட்சி. நாமக்கல் அப்போது சேலத்தில்தான் இருந்தது, ஆகவே இந்த மலையும் அதில் அடக்கம். ஏழைகளைக் குடியிலிருந்து காப்பாற்றத் தொடங்கிய அதே மாநிலத்தில் 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறை விற்பனை செய்கிறது. காப்பாற்றியபோதும் விற்றபோதும் யாரும் எங்கள் தெருவைக் கலந்து பேசியதில்லை.

துப்புகிற பாத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பேஷ்வா ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர்கள் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கலயம்தான் கண்ணில் நின்றது. தோழியிடம் சொல்லவில்லை. விடுமுறையைக் கெடுத்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

சுற்றுலாவால் வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. மறுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் எல்லாத் தோட்டமும் ஒன்றுபோல் இல்லை என்பதும் உண்மை. சோல்ம்ஸ்-டெல்டா என்ற பண்ணை தன் நிலத்தின் அடிமை வரலாற்றைச் சொல்ல ஓர் அருங்காட்சியகம் வைத்தது, தொழிலாளர் அறக்கட்டளைக்கும் தோட்டத்தில் பங்கு கொடுத்தது. பிறகு கடனில் சிக்கித் திணறியது வேறு கதை. ஆனால் இப்படியும் ஒரு சுற்றுலாவை நடத்த முடியும் என்று அது காட்டியது. அப்படியானால் மற்றவர்கள் வரலாற்றை மறைப்பது தெரியாமல் செய்வது இல்லை. விலைக்கு வைத்திருப்பது அந்த மறதியைத்தான்.

நான்கு நாள் கழித்துத் தோழியிடமிருந்து குரல் பதிவு வந்தது. கடைசி நாள் வேறொரு தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். கோப்பைகளை எடுத்துவைத்த இளைஞரிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறாள், உங்க வீட்ல யாராவது தோட்டத்துல வேலை பாத்தாங்களா என்று. "அவன் சிரிச்சான்க்கா. எங்க தாத்தாவுக்கு இதுதான் சம்பளம்னு பாட்டிலத் தட்டிக் காட்டினான். அவன் வீட்ல இப்ப யாரும் இத வாய்ல வைக்கிறதில்லையாம். நான் மிச்சத்தக் குடிக்கல. குடிக்கக் கூடாதுன்னு இல்ல, எறங்கல."

அவள் என்னைவிட நல்ல சமூகவியல் மாணவி. கேள்வியைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டிருக்கிறாள்.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் செம்மேட்டில் ஒரு கூட்டம். எஸ்டேட் வைத்திருக்கும் சிலரும் சமவெளியிலிருந்து வந்த ஒரு சுற்றுலா ஆலோசகரும் கூட்டியது. காபி, மிளகுத் தோட்டங்களுக்குள் சுற்றுலாப் பயணிகளை நடத்திக் கூட்டிப்போய், பறிப்பதைக் காட்டி, காபியை வகை வகையாகச் சுவைக்க வைத்துக் கட்டணம் வாங்கும் திட்டம். ஆலோசகர் திரையில் முதலில் போட்ட படமே ஸ்டெல்லன்போஷ். அதே வெள்ளை வீடு, அதே நீல மலை, அதே ஆளில்லாத கொடி வரிசை. "தோட்டத்தைக் காட்டியே அவங்க கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறாங்க, நமக்கு என்ன குறை?" என்றார்.

என்ன குறை என்று சொல்கிறேன். இந்த மலையில் பெரும்பாலோர் பழங்குடிகள். ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓரிடம்கூட அறிவிக்கப்படவில்லை. அதனால் கிராம சபைக்கு நிலத்தின் மீது அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே எட்டாது. குத்தகை, போக்கியம் என்ற பெயரில் கீழ்நாட்டுக்காரர் கைக்குப் போன நிலத்தில் அதன் பழைய சொந்தக்காரரே கூலிக்கு மிளகு பறிக்கிறார். இந்த நிலையில் தோட்டம் காட்சிப்பொருளானால் நிலத்தின் விலை ஏறும். மீதி இருப்பதும் கைமாறும். பறிக்கும் பெண்கள் படத்துக்கு மட்டும் தேவைப்படுவார்கள்.

ஆலோசகர் பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "ஏங்க, நாங்க ஏணி மேல நின்னு மொளகு பறிக்கிறதப் பாக்கறதுக்குக் காசுங்கறீங்க. அந்தக் காசு பாக்கறவங்களுக்கா, பறிக்கறவங்களுக்கா?"

கூட்டம் சிரித்தது. அதெல்லாம் விவரம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் ஆலோசகர். நாங்கள் பிறகு பேசுவதற்கு விடவில்லை. அன்றைக்கே எழுதிக் கொடுத்தோம். பயணிகள் வரும் நாளில் பறிப்பவருக்குக் கூடுதல் கூலி, கட்டணத்தில் பங்கு. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. பயணிகளுக்குக் கழிப்பறை கட்டும் முன் பறிக்கும் பெண்களுக்குக் கட்ட வேண்டும். நிலம் யாருடையது, முன்பு யாருடையதாக இருந்தது என்பதை வழிகாட்டி வாய் திறந்து சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் எஸ்டேட்காரர்கள் முகம் மாறியது. மற்றதைக்கூடப் பார்க்கலாம், இது எதற்கு என்று ஒருவர் கேட்டார்.

அடுத்த கூட்டம் வல்வில் ஓரி விழா முடிந்த பிறகு என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் எந்தெந்த நிலம் எப்படிக் கைமாறியது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுத ஆட்கள் வேண்டும். பட்டா, சிட்டா படிக்கத் தெரிந்த மாணவர்கள் வந்தால் நல்லது, தெரியாதவர்களுக்கு இங்கே கற்றுக்கொடுக்கிறோம். தங்க இடம் உண்டு, களியும் கீரையும் உண்டு. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் செம்மேட்டுக்குப் பேருந்து இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருபவர்கள் பையில் ஒரு எலுமிச்சம்பழம் போட்டுக்கொள்ளுங்கள்.